எட்டு நாள் ஊர்க்காரி

என் வலது கை தோள்பட்டை வரைக்கும் ஒரு பசுவின் வயிற்றுக்குள் இருந்தபோதுதான் அந்த அறிவிப்பு கேட்டது.

“வெளியூர் ஆளுக யாராச்சும் ஊருக்குள்ள இருந்தீங்கன்னா கெளம்பிருங்க. இன்னுஞ் சித்த நேரத்துல காப்புக் கட்டப் போறோம். அப்பறம் எங்களக் குத்தஞ் சொல்லக் கூடாது!”

ஒலிபெருக்கிக் குழாய் வேப்பமரத்திலிருந்து எங்கள் பக்கமாகவே வாயைத் திறந்துகொண்டிருந்தது. காதில் விழவில்லை என்று பொய் சொல்ல வழியில்லை. ஆனால் நான் எங்கே கிளம்புவது? கன்றின் தலை வந்துவிட்டது, ஒரு முன்னங்கால் வந்துவிட்டது. மற்ற முன்னங்கால் முட்டியில் மடங்கிக்கொண்டு, வர மாட்டேன் என்று உள்ளேயே அடம்பிடிக்கிறது. பசு முக்கும்போதெல்லாம் என் கை நசுங்குகிறது.

போன வாரம் இந்தத் தொடரில் என் பழைய ஸ்கூட்டரைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், “மாட்டு டாக்டர் என்கிறீர்கள், இத்தனை வாரமாக மாட்டையே கண்ணில் காட்டவில்லையே” என்று கேட்டிருந்தார். இதோ அம்மா, மாடு.

அரிமளம் பக்கத்தில் எனக்கு அது முதல் வேலை. பலகையில் ‘கால்நடை மருந்தகம்’ என்று எழுதியிருக்கும். ஊர்க்காரர்கள் வாயில் மாட்டாஸ்பத்திரி. அரிமளத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சொந்த ஊரான ஆவூர், புதுக்கோட்டை மாவட்டத்தின் மறுகோடியில் இருந்தது. நான் பார்க்க வேண்டிய கிராமங்களில் செவ்வந்திப்பட்டியும் ஒன்று.

உண்மையைச் சொன்னால், செவ்வந்திப்பட்டிக்கு என்னைப் பிடிக்காது. கோமாரி நோய்த் தடுப்பூசி போட்டால் பால் வற்றிவிடும் என்பது அந்த ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மாடுகளைக் கண்மாய்ப் பக்கம் ஓட்டிவிடுவார்கள். ஊசிப் பெட்டியோடு நான் ஊரைச் சுற்றி வந்தால், தெருவில் கோழிகள் மட்டும்தான் இருக்கும். பிரசவம் சிக்கலானால் மட்டும் டாக்டரம்மா வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான் மீனாள் அக்கா போன் செய்திருந்தார். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. இரண்டு பிள்ளைகள், ஒரு பசு. அந்தப் பசுவும் குடும்பத்தில் ஒரு சம்பளக்காரி. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அறிவிப்பைக் கேட்டு அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“டாக்டரம்மா, காப்புக் கட்டப் போறாங்களாம்.”

“கட்டட்டும்க்கா.”

“நீங்க அதுக்குள்ள ஊரத் தாண்டிப் போயிரணும்ல?”

“நான் போயிட்டா இத யாரு இழுக்கிறது? நீங்களா?”

அக்கா பசுவின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். நான் கன்றை மெல்ல உள்ளே தள்ளினேன். குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கைக்குள் பொத்தி, மடங்கிய காலை முன்னால் கொண்டுவந்தேன். இது எழுத ஒரு வரி. செய்யும்போது நெற்றி வேர்வை கண்ணில் இறங்கிப் பாதி குருடாகிவிட்டேன். பசு ஒரு முக்கு முக்கியது. கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. கிடேரி, பெண் கன்று. மூக்கைத் துடைத்துவிட்டதும் தும்மியது.

அதே நொடியில் ஊரே அதிர்வதுபோல் குலவைச் சத்தம் கேட்டது. எனக்குத்தான் குலவை போடுகிறார்கள் என்று நினைத்து ஒரு கணம் பூரித்துப்போனேன். மீனாள் அக்கா தலையில் கை வைத்தார்.

“போச்சு டாக்டரம்மா. காப்புக் கட்டிட்டாங்க. நீங்க மாட்டிக்கிட்டீங்க.”

யாரும் தடுக்கவில்லை

மாரியம்மன் திருவிழாவுக்கு முதலில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு பூசாரியின் மணிக்கட்டில்தான் ஏறும். ஆனால் கட்டுப்படுவது மொத்த ஊரும். எட்டாம் நாள் திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை, கட்டிய நேரத்தில் ஊருக்குள் இருந்தவர்கள் வேறெங்கும் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இருட்டியதும் ஊருக்குள் வந்து படுக்க வேண்டும். அதனால்தான் விருந்தாளிகளையெல்லாம் முன்கூட்டியே மைக் வைத்து விரட்டுவது.

இது எனக்குப் புதிதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்தில் பாதி ஊர்களில் உள்ள வழக்கம்தான். ஆனால் கேள்விப்படுவது வேறு, அகப்பட்டுக்கொள்வது வேறு.

கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஊர் அம்பலம் கருப்பையா நின்றிருந்தார். ஊருக்கு நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்பவர் அவர். பெரிய மீசை, சின்னக் குரல். விஷயம் அதற்குள் அவருக்குப் போயிருந்தது.

“டாக்டரம்மா, நீங்க வேற சாமி கும்பிடறவங்க. ஒங்களக் கட்டாயப்படுத்த எங்களுக்கு உரிமையில்ல. போறதுன்னாப் போங்க, யாரும் தடுக்க மாட்டோம்” என்றார்.

நியாயமான பேச்சு. நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் சாவியைப் போட்டேன். போட்ட பிறகுதான் மீனாள் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

“போயிட்டு வாங்க டாக்டரம்மா” என்று சொன்னார். வாய்தான் சொன்னது. கண் தளும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் என் காதருகே வந்து விஷயத்தை உடைத்தார்.

“நீங்க போயிருவீங்க தாயி. இந்த வருசம் மழ பேயலன்னா, ஆடு செத்துச்சுன்னா, புள்ளைக்கு அம்மை போட்டுச்சுன்னா, எல்லாம் இவ வாசல்லதான் வந்து நிக்கும். ‘மீனா வீட்டுக்கு வந்த ஆளுதானே காப்ப மீறிப் போச்சு’ம்பாங்க. புருசனும் பக்கத்துல இல்ல. யாருக்குன்னு பதில் சொல்லுவா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மழை பெய்யாததற்கும் நான் அரிமளத்தில் தூங்குவதற்கும் என்ன சம்பந்தம்? அம்பலத்தைக் கூப்பிட்டு ஒரு பாடம் எடுக்கலாம் என்று நினைத்தேன். எடுத்தால் நான் ஜெயிப்பேன். ஜெயித்துவிட்டு அரிமளம் போய்த் தூங்குவேன். வருஷம் முழுக்க அந்த ஊரில் இருக்கப்போவது மீனாள் அக்கா.

சாவியைத் திருகாமலே எடுத்துப் பையில் போட்டேன்.

“அக்கா, ராத்திரிக்கு என்ன சாப்பாடு?”

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். “ரசந்தாங்க. ஆனா தாளிக்க மாட்டோம், காப்புல்ல!”

அப்பாவும் ஆணியும்

எனக்கு ரசத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆவூரில் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

முன்பு வந்த ஒரு வரன், “டாக்டர்னுதானே சொன்னீங்க, மாட்டுக்குன்னு சொல்லலியே” என்று எழுந்து போனது. இன்னொன்று, “கல்யாணத்துக்கு அப்புறம் இந்தச் சாணி வேலையெல்லாம் வேண்டாம்” என்றது. அதை எழுப்பிவிட்டது நான். அம்மா துவண்டுபோயிருந்தார். இந்தத் திருச்சிக் குடும்பம் மட்டும்தான், “மாட்டு டாக்டர்னா என்ன, கைத்தொழில்தானே” என்று சொல்லி வருவதாக இருந்தது. அம்மா ஒரு மாதமாக வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“கொடி ஏத்திட்டாங்களா?” என்று கேட்டார்.

“கொடி இல்லம்மா. காப்பு.”

“ரெண்டும் ஒண்ணுதான்டி. நம்ம மாதா கோயில்ல கொடி ஏறின பொறவு ஒங்கப்பா எங்கயாச்சும் ராத்தங்கி இருக்காரா? பேசாம அங்கயே இரு. ஞாயித்துக்கிழம பகல்ல வந்துட்டு, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிரு.”

“மாதா கோவிச்சுக்க மாட்டாங்களாம்மா?”

“மாதாவும் ஒரு அம்மாதானே? இன்னொரு அம்மா வீட்டுக்குப் போனா எப்படி நடந்துக்கணும்னு அவங்களுக்குத் தெரியாதா?”

என் அம்மாவை நான் அதிகம் புகழ்ந்ததில்லை. எனக்குத் தலைக்கனம் அவரிடமிருந்து வந்தது என்பதால் ஒரு ஜாக்கிரதை. ஆனால் அந்தப் பதிலுக்கு அவர் காலில் விழலாம்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பேய் இல்லை, சகுனம் இல்லை என்று கரும்பலகை தேயத் தேயச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமையன்று வீட்டில் ஆணி அடிக்க மாட்டார். ஆண்டவரை ஆணியில் அறைந்த நாளாம். ஒரு வருஷம் சரியாக அன்றைக்குத்தான் காலண்டர் ஆணி பெயர்ந்து விழுந்தது. உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிகிறவரை காலண்டர் அலமாரிமேல் படுத்தே கிடந்தது.

“நீங்க சயின்ஸ் வாத்தியார்தானேப்பா?” என்று கேட்டேன்.

“சனிக்கிழம வரைக்கும் லீவு” என்றார்.

ஊசிக்கு வந்த உத்தரவு

செவ்வந்திப்பட்டியில் என் வாழ்க்கை அமர்க்களமாகத் தொடங்கியது. காலையில் ஸ்கூட்டரில் மருந்தகத்துக்குப் போவேன். மாலையில் ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் டீக்கடைக்காரர் எழுந்து நின்று, “டாக்டரம்மா வந்தாச்சு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். அது வாசலுக்கு வாசல் தாவி, நான் போய்ச் சேர்வதற்குள் மீனாள் அக்கா வீட்டை எட்டிவிடும். என் வருகையை இவ்வளவு ஆவலாக எதிர்பார்த்த ஊர் அதற்கு முன்னும் பின்னும் கிடையாது.

சாப்பாட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய்ச் சட்டி இல்லை, கறி மீன் வாசமே இல்லை. முதல் நாள் நொந்துபோனேன். அப்புறம் பார்த்தால், தாளிக்காத பருப்புக்கும் பச்சை வெங்காயத்துக்கும் தனி ருசி. இரண்டாம் நாளே தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டேன். மாலையில் கோயில் வாசலில் பெண்கள் கும்மியடிப்பார்கள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். யாரோ இடுப்பில் இடித்து வட்டத்துக்குள் தள்ளிவிட்டார்கள். எனக்குக் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அந்த ஊர்ப் பெண்கள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மாலை கருப்பையா அம்பலம் வந்தார். துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“டாக்டரம்மா, அந்த ஊசி… போட்டா நெசமாவே பாலு வத்தாதா?”

“ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் கொறையலாம். அப்பறம் பழையபடி வந்துரும். கோமாரி வந்தாத்தான் மொத்தமாப் போகும்.”

“இத ஏன் மின்னாடியே சொல்லல?”

“சொல்லலாம்னு ஒங்க வீட்டுக்கு எத்தன தரம் வந்தேன். நீங்கதான் கண்மாய்ப் பக்கம் போயிருப்பீங்க, மாட்டோட.”

மீசைக்குள் சிரித்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் அதே ஒலிபெருக்கி முழங்கியது.

“காப்ப அவுக்கிறதுக்குள்ள ஊர்ல உள்ள அம்புட்டு மாட்டுக்கும் ஊசி போட்டிரணும். டாக்டரம்மா நம்ம கட்டுக்கு நிக்கிறாங்க, நாம அவங்க சொல்லுக்கு நிக்கணும். யாராச்சும் கண்மாய்க்கு ஓட்டுனீங்க, தெரியும் சேதி!”

மறுநாள் மாலையிலிருந்து மாடுகள் கோயில் வாசலில் வரிசையில் நின்றன. நான் படித்த படிப்பில், துறையிலிருந்து வந்த சுவரொட்டிகளில், என் தொண்டைத் தண்ணீர் வற்றிய பிரசாரத்தில் நடக்காத காரியம், அந்த ஊரில் மூன்று ராத்திரி தூங்கியதில் நடந்துவிட்டது.

பூனை குறுக்கே போன ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். புதுக்கோட்டை, கீரனூர் என்று பஸ் மாறி மாறி ஆவூர் போய்ச் சேர்ந்தேன். மீனாள் அக்கா தன் பட்டுப்புடவையைக் கொடுத்தனுப்பியிருந்தார். “செவ்வந்திப்பட்டிப் பொடவ, ராசியானது. ராத்திரி கடசி பஸ்ஸுக்கு ஸ்டாப்ல நிப்பேன் டாக்டரம்மா” என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் காலையில் வருவதாகப் பேச்சு. மதியம் ஆயிற்று. பிரியாணி ஆறிப்போயிற்று. நாலு மணி வாக்கில்தான் கார் வந்தது. காரிலிருந்து இறங்கியது இரண்டே பேர்: மாப்பிள்ளை பிரான்சிஸ், அவருடைய அம்மா. அப்பா உயிரோடு இல்லை. பிரான்சிஸ் கல்லூரியில் கணக்கு வாத்தியார். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. அவருடைய அம்மா இரண்டுக்கும் நேர்மாறு.

காபி வந்தது, பலகாரம் வந்தது. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் கண் மட்டும் சுவர்க்கடிகாரத்தை விட்டு நகரவில்லை. இன்னும் சற்று நேரத்தில் பஸ் ஏறாவிட்டால், புதுக்கோட்டையில் செவ்வந்திப்பட்டிக்கான கடைசி பஸ் போய்விடும்.

“என்னம்மா, கடிகாரத்தையே பாக்குற?” என்று கேட்டார் பிரான்சிஸின் அம்மா.

மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். அவர் தட்டை ஓசையோடு கீழே வைத்தார்.

“மாரியம்மன் காப்புக்கு நம்ம சபைப் பொண்ணு ஏம்மா கட்டுப்படணும்? நாங்க ஒன்னையப் பாக்க இவ்வளவு தூரம் வந்திருக்கோம். எங்களப் பாதியில உக்கார வச்சுட்டு ஓடுவியா?”

அம்மா என்னைப் பார்த்தார். அவர் ஒரு மாதம் கழுவிய தரை பளபளத்துக்கொண்டிருந்தது. நான் இருந்துவிட்டால் இந்தச் சம்பந்தம் பிழைக்கும். செவ்வந்திப்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் பெயர் கெடும். எனக்கு அம்மா, மீனாள் அக்கா இருவருமே வேண்டும்போல் இருந்தது.

“எனக்கு அந்த நம்பிக்கை இல்லீங்கம்மா. ஆனா மீனாள்னு ஒரு அக்கா என்னைய நம்பி பஸ் ஸ்டாப்புல நிப்பாங்க. நான் போகணும்.”

பிரான்சிஸின் அம்மா மகனைப் பார்த்தார், ‘கேட்டாயா’ என்பதுபோல. பிரான்சிஸ் தண்ணீரை ஒரு வாய் குடித்தார்.

“அம்மா, காலைல நாம ஏன் லேட்டு?”

“டயர் பஞ்சரு.”

“அது அப்பறம். மொதல்ல?”

அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்தார். பிரான்சிஸ் என் அப்பாவிடம் திரும்பினார்.

“தெருமுனையில ஒரு பூன குறுக்க போச்சுங்க சார். அம்மா காரத் திருப்பச் சொல்லிட்டாங்க. வீட்டுக்குப் போயி, தண்ணி குடிச்சு, ஜெபம் சொல்லி, மறுபடி கெளம்புனோம்.” பிறகு அம்மாவிடம், அதே மெதுவான குரலில்: “ஒரு பூனைக்கு ஒரு மணி நேரம் குடுத்தோமேம்மா. ஒரு ஊருக்குக் குடுக்கக் கூடாதா?”

யார் முதலில் சிரித்தது என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் தகராறு உண்டு. நான் சத்தியமாகச் சொல்கிறேன், பிரான்சிஸின் அம்மாதான். முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பஸ்ஸெல்லாம் வேணாம், கார்லயே கொண்டுபோய் விடுவோம்” என்று எழுந்தார். “நானும் வாரேன். கட்டிக்காத புள்ளைங்க ரெண்டும் தனியாக் கார்ல போனா ஊரு என்ன சொல்லும்?”

பூனை, காப்பு, ஊர் வாய். அன்றைக்கு எல்லாச் சாமிகளும் சேர்ந்துதான் எனக்குக் கார் ஏற்பாடு செய்தார்கள். என் அம்மாவும் அப்பாவும்கூட ஏறிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை விசாரணை

கீரனூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடைசி பஸ் வந்து, நான் இல்லாமலே போய்விட்டிருந்தது. என் போனில் சார்ஜ் இல்லை. செவ்வந்திப்பட்டி நிறுத்தத்தில் பாதி ஊர் நின்றிருந்தது. நடுவில் மீனாள் அக்கா, அழக்கூடத் தெம்பில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் நின்று நான் இறங்கியதும் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுதார், அழுதுகொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே புடவை கசங்கவில்லையா என்று பார்த்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நான் சுலபமாக அழுகிற ஆள் இல்லை.

“இவருதான் மாப்ளயா?” என்று யாரோ கேட்க, மொத்தக் கூட்டமும் பிரான்சிஸ் பக்கம் திரும்பியது. அம்பலம் முன்னால் வந்தார்.

“தம்பி, எங்க ஊருப் பொண்ணு கையில எப்பவும் சாணி இருக்கும். ஒங்களுக்குச் சம்மதமா?”

“சோப்பு நான் வாங்கித் தாரேங்க” என்றார் பிரான்சிஸ்.

ஊர் அப்படியே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

அவருடைய அம்மா மட்டும் காரை விட்டு இறங்காமல், “எங்களையும் இங்கயே கட்டிப் போட்டுருவாங்களா?” என்று என்னிடம் கிசுகிசுத்தார். அது அம்பலத்தின் காதில் விழுந்துவிட்டது.

“நீங்க காப்புக்குப் பொறவு வந்தவங்க தாயி, ஒங்களுக்கு அந்தக் கட்டு இல்ல. ஆனா சாப்பிடாமப் போனீங்கன்னா அதுக்குத் தனிக் குத்தம்.”

எல்லோருக்கும் இலை போட்டார்கள். தாளிக்காத சாம்பாரை அந்த அம்மாள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அடுத்தவங்க சாமிக்கே இம்புட்டு அடங்குற பொண்ணு, சொந்த மாமியாருக்கு அடங்க மாட்டாளா? எங்களுக்குச் சம்மதம்.”

அந்த ஒரு கணக்கில்தான் என் மாமியார் தோற்றுப்போனார்.

எட்டாம் நாள் முளைப்பாரி ஊர்வலம். என் தலையிலும் பயிர் முளைத்த சட்டி ஒன்றை ஏற்றிவிட்டார்கள். கண்மாய்வரை ஆடாமல் நடந்தேன். அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “பயிரு நல்லா வளந்திருந்துச்சா?”

காப்பும் செல்போனும்

இப்போது எனக்குக் கீரனூரில் வேலை, அங்கேயே வீடு. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். பூனை வந்தால் இன்னும் நின்றுதான் போவார். செவ்வந்திப்பட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் முளைப்பாரிக்குப் போய்விடுவோம். அன்று பிறந்த கிடேரிக்கு மீனாள் அக்கா ‘அருளு’ என்று என் பெயரையே வைத்தார். “ஏ அருளு, வைக்கப்போருல வாய வைக்காத!” என்று அவர் அதட்டும்போதெல்லாம் என் கணவர் என்னைப் பார்ப்பார்.

ஊர் மாறியிருக்கிறது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் காப்புக்கு வந்து, மடியில் லேப்டாப்போடு வேப்பமரத்தடியில் உட்காருகிறார்கள். வெளியே போனவர்கள் வரும் வழியை வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் போட்டுக் காட்டுகிறார்கள். டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் கத்துவதில்லை, கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறார்.

மீனாள் அக்காவின் மகள் வள்ளி திருச்சியில் நர்ஸ். அவளுக்குக் காப்பு வாரத்தில் நைட் டூட்டி வந்தபோது ஊர் கூடிப் பேசியது. கடைசியில் அம்பலம் கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்து கொடுத்தார். “இது இருக்கிற எடம் நம்ம ஊருதான். நோயாளியப் பாரு, போ.” வழக்கம் உடைந்ததா, நீண்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். வள்ளி நிம்மதியாக வேலைக்குப் போனாள், அதுதான் எனக்குத் தெரியும்.

இந்த வருஷம்

மீனாள் அக்காவின் கணவர் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் வந்துவிட்டார் என்று போன் வந்தது. சந்தோஷத்தில் தேதி கிழமை பார்க்காமல் நானும் பிரான்சிஸும் காரில் போய்விட்டோம். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வேப்பமரத்து ஒலிபெருக்கி கனைத்தது. அம்பலத்துக்கு வயதாகிவிட்டது, ஆனால் குரல் அதே சின்னக் குரல்.

“வெளியூர் ஆளுக யாராச்சும் ஊருக்குள்ள இருந்தீங்கன்னா கெளம்பிருங்க…”

பிரான்சிஸ் டம்ளரை வைத்துவிட்டுக் கார் சாவியோடு எழுந்தார். மறுநாள் அவருக்குக் கல்லூரி, எனக்கு முகாம். நானும் பையைத் தேடினேன்.

மீனாள் அக்கா எழுந்திருக்கவில்லை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்:

“எங்க தம்பி எந்திரிச்சுட்டீங்க? அது வெளியூர் ஆளுகளுக்குல்ல சொல்றாங்க.”

பிரான்சிஸ் என்னைப் பார்த்தார். அப்புறம் சாவியைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடி உட்கார்ந்து டீயை எடுத்துக்கொண்டார்.

கோயிலிலிருந்து குலவை எழுந்தது. இந்த முறை அது எனக்கும் சேர்த்துத்தான்.